எலைட் டேஞ்சரஸ் சண்டையில் கப்பலின் பாகங்களைக் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்கலக் கணினி ஆட்டத்தில் பல சண்டைகள் கப்பல் வெடிப்பதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகின்றன. ஹல் (கப்பலின் வெளிக்கூடு) இன்னும் 60 சதவீதம் இருப்பதாகத் திரை காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் த்ரஸ்டர் (உந்து இயந்திரம்) அடங்கிப்போய்க் கப்பல் திரும்ப மறுக்கும், அல்லது மின்சாரம் பாதியாகக் குறைந்து ஆயுதங்கள் ஒவ்வொன்றாக அணையும். அந்த நிலையில் எஞ்சியிருக்கும் ஹல், எதிரி நம்மைச் சாவகாசமாக முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தவிர வேறொன்றையும் தருவதில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் கப்பலின் ஒவ்வொரு மாட்யூலுக்கும் (பாகத்துக்கும்) தனித்தனி ஆயுள் உண்டு. ஓபன் பிளேயில், அதாவது எல்லோரும் கலந்து ஆடும் முறையில், மற்ற கமாண்டர்களுடன் (ஆட்டக்காரர்களுடன்) மோதுபவர்கள் இந்தக் கணக்கை ஷீல்டு (ஹல்லைச் சுற்றியுள்ள ஆற்றல் கவசம்), ஹல் கணக்குகளுக்கு அடுத்ததாக அல்ல, அவற்றோடு சேர்த்தே போட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு.

சேதம் மாட்யூலை எப்படி அடைகிறது

ஷீல்டு நிற்கும் வரை மாட்யூல்களுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. ஃபேசிங் சீக்வென்ஸ் என்ற சிறப்பு விளைவு ஏற்றிய லேசர்கள் போன்ற சில மட்டுமே ஷீல்டைக் கடந்து ஹல்லைச் சிறிதளவு அரிக்கும். ஷீல்டு விழுந்த பிறகு ஒவ்வொரு அடியும் முதலில் ஹல்லைக் குறைக்கிறது. அதே நேரத்தில் அந்த அடி ஹல்லைத் துளைத்து உள்ளே போகுமா என்பதும் ஒரு நிகழ்தகவாகத் தீர்மானிக்கப்படுகிறது. பெரும்பாலான ஆயுதங்களுக்கு இந்த நிகழ்தகவு ஹல் முழுமையாக இருக்கும்போது 40 சதவீதத்தில் தொடங்கி, ஹல் தேயத் தேய 80 சதவீதத்தை நோக்கி ஏறுகிறது. ஆகவே ஹல்லை வலுப்படுத்துவதும் மறைமுகமாக மாட்யூலைக் காப்பதுதான், ஆனால் அது மட்டும் போதாது. முழு ஹல்லுடன் இருக்கும் கப்பலுக்குள்ளும் பத்தில் நான்கு அடிகள் புகுந்துவிடும்.

உள்ளே புகுந்த அடி எந்த மாட்யூலைத் தொடுகிறது என்பது கண்மூடித்தனமானதல்ல. ஒவ்வொரு கப்பலின் உருவத்துக்குள்ளும் பவர் பிளான்ட் (மின்சாரம் தருவது), த்ரஸ்டர், எஃப்.எஸ்.டி. (ஒளியை மிஞ்சும் வேகத்தில் செல்ல உதவும் இயந்திரம்) ஆகியவற்றுக்குக் குறிப்பிட்ட இடம் உண்டு. எதிரி உங்கள் கப்பலின் ஒரு பாகத்தைத் தனியாகக் குறிவைத்துக்கொண்டால், அவருடைய கிம்பல் (தானே குறிபார்க்கும்) ஆயுதங்கள் கப்பலின் நடுவை விட்டுவிட்டு அந்தப் பாகத்தை நோக்கியே திரும்பும். அனுபவமுள்ள எதிரி ஷீல்டு விழுந்த மறுகணம் பவர் பிளான்டையோ த்ரஸ்டரையோ தேர்ந்தெடுப்பார் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

முதல் படி: எதை இழந்தால் எது நடக்கும் என்று அறிதல்

வலப்பக்கப் பலகையில் உள்ள மாட்யூல்ஸ் தாவலைத் திறந்தால், ஒவ்வொரு பாகத்தின் உறுதியும் சதவீதமாகத் தெரியும். குறையக் குறைய அந்தப் பாகம் அவ்வப்போது இடறத் தொடங்கும், எஃப்.எஸ்.டி. பாதி ஏற்றத்தில் நின்றுபோவது இதற்கு நல்ல உதாரணம். 0 சதவீதத்தில், பவர் பிளான்டைத் தவிர, பாகம் முழுமையாக நிற்கும். த்ரஸ்டர் நின்றால் கப்பல் கடைசியாகச் சென்ற திசையிலேயே மிதந்துகொண்டிருக்கும். எஃப்.எஸ்.டி. நின்றால் தப்பிக்கும் வழி அடைபடும். பவர் டிஸ்ட்ரிபியூட்டர் போனால் ஆயுதங்களுக்கான ஆற்றல் நிரம்பாது. சென்சார் போனால் எதிரியைக் குறிவைக்க முடியாது. சரக்குக் கதவு உடைந்தால் சரக்கு ஒவ்வொன்றாக வெளியே சிந்தும். கொள்ளையர்கள் அதைத்தான் முதலில் குறிவைப்பார்கள்.

கேனோபி, அதாவது விமானி அறையின் கண்ணாடி, தனிக் கதை. அது உடைந்தால் அதன்மீது தெரியும் குறிகள் பல மறைந்துவிடும், பிராணவாயுக் கடிகாரம் ஓடத் தொடங்கும். எவ்வளவு நேரம் ஓடும் என்பதை லைஃப் சப்போர்ட்டின் தரமே முடிவுசெய்கிறது: ஈ தரத்தில் 5 நிமிடம், டி தரத்தில் ஏழரை நிமிடம், சி தரத்தில் 10, பி தரத்தில் 15, ஏ தரத்தில் 25 நிமிடம். எடை குறையட்டும் என்று எல்லோரும் டி தரத்தைப் போடுகிறார்கள். ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் போல முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக இருக்கும் கப்பலில் சண்டைக்குப் போகிறவர் அந்தப் பழக்கத்தை ஒருமுறை மறுபரிசீலனை செய்வது நல்லது. 25 நிமிடமும் எல்லா இடத்துக்கும் போதாது. ஆல்ஃபா சென்டாரியில் உள்ள ஹட்டன் ஆர்பிட்டலுக்குச் சாதாரண எஃப்.எஸ்.டி.யுடன் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது இந்த ஆட்டக்காரர்களிடையே நெடுநாளைய வேடிக்கை. இரும்பும் நிக்கலும் கையிருப்பில் இருந்தால் சின்தசிஸ் (மூலப்பொருள்களைக் கொண்டு தேவையானதைத் தயாரிக்கும் வசதி) மூலம் பிராணவாயுவை மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம் என்பதால், அந்த இரண்டையும் எப்போதும் கொஞ்சம் வைத்திருங்கள்.

இரண்டாம் படி: மின் முன்னுரிமை

ஒரு கிரெடிட்கூடச் செலவில்லாமல் கப்பலின் தாங்குதிறனை உயர்த்தும் ஒரே வழி இது, அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. ஒவ்வொரு மாட்யூலையும் 1 முதல் 5 வரையிலான முன்னுரிமைக் குழுக்களில் ஒன்றில் வைக்கலாம். தேவைப்படும் மின்சாரம் கிடைக்கும் மின்சாரத்தைத் தாண்டும்போது ஐந்தாம் குழு முதலில் அணைகிறது, பிறகு நான்காவது, இப்படியே மேலே வருகிறது. எதையும் மாற்றாமல் விட்டால் எல்லாம் முதல் குழுவிலேயே கிடக்கும். அப்போது எது அணைய வேண்டும் என்று கப்பலுக்கு நீங்கள் எதையுமே சொல்லவில்லை என்று பொருள்.

பவர் பிளான்ட் அடிபட்டு இடறும்போதோ முற்றிலும் உடையும்போதோ அதன் உற்பத்தி நின்றுபோவதில்லை. பாதிக்கும் அதற்குக் கீழும் குறைகிறது. இந்தக் குறைந்த நிலையைத் தாங்குவதற்காகத்தான் அனுபவசாலிகள் 40 சதவீதம் என்ற எல்லையை வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பவர் பிளான்ட் 20 மெகாவாட் தருவதாக வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் 8 மெகாவாட். த்ரஸ்டருக்கு 5, எஃப்.எஸ்.டி., லைஃப் சப்போர்ட் இரண்டுக்கும் சேர்த்து 1.2, டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.6 என்றால் மொத்தம் 6.8 ஆகிறது, இவை நான்கும் முதல் குழு. எஞ்சிய 1.2 மெகாவாட்டுக்குள் சென்சார் அடங்கினால் அதையும் சேர்க்கலாம். ஷீல்டு ஜெனரேட்டர் அதற்குள் அடங்காது, அடக்க முயலவும் வேண்டாம். பவர் பிளான்ட் உடைந்த நிலையில் ஷீல்டு ஏற்கெனவே விழுந்திருக்கும், அப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஓடுவது மட்டுமே. முதல் குழுவே 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் இந்த ஏற்பாட்டுக்குப் பயன் இல்லை. அப்போது சிறிய சென்சாரோ குறைந்த மின்சாரம் கேட்கும் த்ரஸ்டரோ போட்டுக் கணக்கைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஷீல்டு ஜெனரேட்டரும் அதை வலுப்படுத்தும் ஷீல்டு பூஸ்டர்களும் இரண்டாம் குழுவுக்கும், ஆயுதங்கள் மூன்றாம் குழுவுக்கும் போகட்டும். ஃபியூயல் ஸ்கூப் (எரிபொருள் சேகரிப்பது), எஃப்.எஸ்.டி. இன்டர்டிக்டர் (பிற கப்பல்களை இடைமறிப்பது), சரக்குக் கதவு ஆகியவற்றை ஐந்தில் வையுங்கள். சரக்குக் கதவு மட்டும் 0.6 மெகாவாட் குடிக்கிறது என்பதால், சரக்கே ஏற்றாத சண்டைக் கப்பலில் அதை முழுவதும் அணைத்துவிடலாம். சிலர் ஆயுதம் நீட்டிய நிலையில் எஃப்.எஸ்.டி. தேவையில்லை என்று அதையும் ஐந்தில் தள்ளி, அந்த மின்சாரத்தில் இன்னொரு பூஸ்டர் போடுவார்கள். ஆயுதங்களை உள்ளிழுத்ததும் மின்சாரம் விடுபட்டு எஃப்.எஸ்.டி. உயிர்பெறும் என்பது உண்மைதான். ஆனால் பவர் பிளான்ட் உடைந்திருந்தால் ஆயுதங்களை உள்ளிழுத்த பிறகும் அதற்கு மின்சாரம் எட்டாமல் போகலாம். ஒரு மெகாவாட்டுக்கும் குறைவான சேமிப்புக்காகத் தப்பிக்கும் கதவைப் பூட்டிவைப்பது மோசமான பேரம்.

கோரியோலிஸ், இ.டி.எஸ்.ஒய். போன்ற வடிவமைப்புக் கருவிகள் குழுவாரியாகச் சேர்ந்துவரும் மின் தேவையைக் காட்டும். கப்பலை வாங்கும் முன்பே இந்தக் கணக்கை அங்கே முடித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: தரமும் கவசமும்

மாட்யூல்களின் ஏ முதல் ஈ வரையிலான தரங்கள் ஒரே ஏணியின் படிகள் அல்ல. ஏ தரம் செயல்திறனில் முதலிடம். டி தரம் எடையில் குறைவு. எடை அதிகமுள்ள பி தரமே உறுதியில் முதலிடம். பவர் பிளான்டிலும் த்ரஸ்டரிலும் ஏ தரத்தை விட்டுக்கொடுக்க முடியாது, ஏனெனில் அங்கே செயல்திறனே பாதுகாப்பு. பி தரம் பொருந்துவது, திறன் சற்றுக் குறைந்தாலும் சாகக் கூடாத பாகங்களுக்கு.

கவசத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மிரர்டு வகையின் 50 சதவீத வெப்ப எதிர்ப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். அதே தகடு கைனட்டிக் (குண்டு போன்றவற்றின்) அடிகளை 75 சதவீதம் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. ஓபன் பிளேயில் எதிரே வருபவர் எதைக் கொண்டுவருவார் என்று தெரியாத நிலையில், மிலிட்டரி கிரேடு தகட்டையே நான் பரிந்துரைப்பேன். இதோடு ஒவ்வொரு கப்பலுக்கும் பிறப்பிலேயே ஒரு கடினத்தன்மை எண் இருக்கிறது. எந்தத் தகட்டாலும் அது மாறாது. ஆயுதத்தின் துளைக்கும் எண் அதைவிடக் குறைவாக இருந்தால், இரண்டுக்குமுள்ள விகிதத்தில் ஹல் சேதம் குறையும். வல்ச்சர் என்ற கப்பலின் கடினத்தன்மை 55. நடுத்தர பல்ஸ் லேசரின் துளைக்கும் எண் 35. ஆகவே அந்த லேசர் வல்ச்சரின் ஹல்லில் தன் சக்தியில் ஏறத்தாழ 64 சதவீதத்தையே இறக்கும். ரெயில்கன்னுக்கும் பிளாஸ்மா ஆக்சிலரேட்டருக்கும் அந்த எண் 100 என்பதால், அவற்றின் முன் எந்தக் கப்பலின் கடினத்தன்மையும் உதவாது.

நான்காம் படி: மாட்யூல் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பேக்கேஜ்

சுருக்கமாக எம்.ஆர்.பி. என்று அழைக்கப்படும் இந்தப் பாகம், உள்ளே புகுந்த சேதத்தில் ஒரு பங்கை மற்ற மாட்யூல்களுக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்கிறது. அதற்கு இரண்டு எண்கள் முக்கியம்: எவ்வளவு பங்கை வாங்கும், மொத்தமாக எவ்வளவு தாங்கும். டி தரம் 60 சதவீதத்தை வாங்கும், ஈ தரம் 30 சதவீதத்தை. மொத்தத் தாங்குதிறனில் ஈ தரம் சற்றே மேல்: ஐந்தாம் அளவில் ஈ 385, டி 350, நான்காம் அளவில் ஈ 260, டி 235.

தாங்குதிறன் அதிகம் என்று ஈ தரத்தை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தவறான தேர்வு என்பது தெரியும். ஐந்தாம் அளவு ஒன்று, நான்காம் அளவு ஒன்று என இரண்டு டி தரப் பேக்கேஜ்கள் இருந்தால், முதலாவது 60 சதவீதத்தை வாங்க, எஞ்சிய 40-இல் 60 சதவீதத்தை இரண்டாவது வாங்க, மொத்தப் பாதுகாப்பு 84 சதவீதம் ஆகிறது. மொத்தத் தாங்குதிறன் 585. அது தீரும்வரை உள்ளே வரக்கூடிய சேதம் ஏறத்தாழ 696, அதில் மற்ற மாட்யூல்கள்மேல் விழுவது 111 மட்டுமே. அதே இரண்டு இடங்களில் ஈ தரம் போட்டிருந்தால் பாதுகாப்பு 51 சதவீதம். அதே 696 சேதத்தில் 341 மாட்யூல்களுக்குப் போய்ச்சேரும். பேக்கேஜ் இன்னும் பாதி உயிரோடு இருக்கும்போதே பவர் பிளான்ட் அணைந்துபோயிருக்கும்.

மூன்றாவது டி தரப் பேக்கேஜைச் சேர்த்தால் பாதுகாப்பு 93.6 சதவீதமாகும். இதற்கு மேல் சேர்ப்பதில் பாதுகாப்பு விகிதம் கொஞ்சமே ஏறும். தாங்குதிறன் மட்டும் கூடும். எனவே இரண்டு அல்லது மூன்றோடு நிறுத்திக்கொண்டு, மற்ற இடங்களை ஹல் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பேக்கேஜுக்குக் கொடுப்பது நியாயமான பங்கீடு. அளவிலும் கவனம் தேவை: முதலாம் அளவு டி தரப் பேக்கேஜும் 60 சதவீதத்தையே வாங்கும், ஆனால் அதன் தாங்குதிறன் 70 மட்டுமே என்பதால் சில அடிகளில் அது தீர்ந்துவிடும். மிலிட்டரி என்று குறிக்கப்பட்ட இடங்கள் இதற்கென்றே உள்ளவை. அலையன்ஸ் சீஃப்டனில் நான்காம் அளவில் அப்படி மூன்று இருக்கின்றன, ஃபெர்-டி-லான்ஸில் ஒன்றுகூட இல்லை. பின்னதை ஓட்டுபவர் பொதுவான இடங்களிலிருந்தே இவற்றுக்கு இடம் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: இன்ஜினியர்கள்

2016-இல் இன்ஜினியர்கள் (பாகங்களை மாற்றியமைத்துத் தரும் ஆட்டப் பாத்திரங்கள்) வந்த பிறகு எல்லோரும் வேகத்தையும் தாக்குதிறனையும் தேடி ஓடினார்கள், அதற்கான விலையைப் பட்டியலின் கீழ்வரியில் படிக்கவில்லை. பவர் பிளான்டுக்கு ஓவர்சார்ஜ்டு மாற்றத்தை ஐந்தாம் நிலை வரை செய்தால் மின்சாரம் 40 சதவீதம் கூடும், உறுதி 25 சதவீதம் குறையும், வெப்பமும் ஏறும். குவெமாகியில் உள்ள ஹெரா தானி செய்துதரும் ஆர்மர்டு மாற்றம் உறுதியை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்துவதோடு, மின்சாரத்தையும் சிறிது கூட்டி, வெப்பத்தையும் தணிக்கிறது. மின்தேவை அனுமதிக்கும் எந்தச் சண்டைக் கப்பலிலும் பின்னதே என் தேர்வு. த்ரஸ்டருக்கான டர்ட்டி டிரைவ் மாற்றமும் உறுதியைக் குறைக்கும். ஆனால் அடிபடாமல் இருப்பதற்கே வேகம் உதவுவதால் அங்கே அந்த விலையைக் கொடுக்கலாம். குறைந்ததை ஓரளவு ஈடுகட்ட, உறுதியை உயர்த்தும் டபுள் பிரேஸ்டு விளைவு இருக்கிறது.

ஆறாம் படி: சண்டையின் போது

வெப்பம் 100 சதவீதத்தைத் தாண்டினால் எதிரியின் உதவியில்லாமலேயே உங்கள் மாட்யூல்கள் தேயத் தொடங்கும். ஷீல்டை மீண்டும் நிரப்பும் ஷீல்டு செல் பேங்கை இயக்கும்போதெல்லாம் வெப்பம் வெகுவாக ஏறுவதால், வெப்பத்தை உறிஞ்சும் ஹீட் சிங்க் ஒன்றை அதனுடன் சேர்த்தே வெளியேற்றப் பழகுங்கள். ஏவுகணைகள் வெடிக்கும் இடத்தைச் சுற்றியுள்ள ஆயுதங்களையும் யுடிலிட்டி பாகங்களையும் சேர்த்துத் தாக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இவற்றுக்கு எம்.ஆர்.பி.யை நம்பியிருக்கக் கூடாது, ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும் பாயிண்ட் டிஃபென்ஸ் ஒன்றே நேரான மருந்து. ஷீல்டு விழுந்தவுடன் கப்பலை உருட்டி, எதிரி குறிவைக்கும் பாகம் அவருக்கு நேரே நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்; த்ரஸ்டரைக் காட்டிக்கொண்டு நேர்கோட்டில் ஓடுவதுதான் மிகப் பொதுவான சாவு.

ஒரு பாகம் 0 சதவீதத்துக்குப் போய்விட்டால் வலப்பக்கப் பலகையில் ரீபூட்/ரிப்பேர் இருக்கிறது. அது எல்லாவற்றையும் சிறிது நேரம் அணைத்து, நல்ல நிலையில் உள்ள மாட்யூல்களிலிருந்து கொஞ்சம் எடுத்து, செத்த மாட்யூலைச் சில சதவீதத்துக்கு உயிர்ப்பிக்கும். ஷீல்டு விழுந்திருந்தால், ஜெனரேட்டர் நன்றாக இருக்கும்பட்சத்தில் அதைப் பாதி வலிமையுடன் திருப்பித் தரும். எதிரியின் துப்பாக்கி முனையில் இதைச் செய்ய முடியாது. எதிரி உங்களைக் கடந்து போய்த் திரும்பி வரும் இடைவெளியும் போதாது. கூட்டாளி ஒருவர் அவரை இழுத்துப் போயிருந்தால் மட்டுமே துணியலாம்.

ஏழாம் படி: விலகுதலும் பழுதுபார்த்தலும்

த்ரஸ்டரோ பவர் பிளான்டோ 50 சதவீதத்துக்குக் கீழே போனதும் புறப்பட்டுவிடுங்கள், எஃப்.எஸ்.டி.யிலேயே அடி விழுந்தால் அதற்கும் முன்பாக. பெரிய கப்பல்கள் அருகில் இருந்தால் சூப்பர்குரூஸுக்கான (தொகுதிக்குள் ஒளியை மிஞ்சும் பயணத்துக்கான) ஏற்றம் மிகவும் மெதுவாகும். வேறொரு நட்சத்திரத் தொகுதிக்குத் தாவும் ஹை வேக் இந்தத் தடைக்கு உட்பட்டதல்ல. எனவே சண்டை தொடங்கும் முன்பே பக்கத்துத் தொகுதி ஒன்றை இலக்காகத் தேர்ந்து வைத்திருங்கள். ஓடும்போது வரைபடத்தைத் திறந்து தேட நேரம் இருக்காது. ஆயுதங்களையும் சரக்கு ஸ்கூப்பையும் உள்ளிழுக்காமல் எஃப்.எஸ்.டி. ஏறாது என்பதும் பதற்றத்தில் மறந்துபோகும்.

நிலையத்துக்கு வெளியே பழுதுபார்க்க ஆட்டோ ஃபீல்டு மெயின்டெனன்ஸ் யூனிட் இருக்கிறது. பழுதுபார்க்கப்படும் பாகம் அந்த நேரத்தில் அணைந்திருக்கும். இந்த யூனிட் தன்னைத்தானே சரிசெய்யாது, பவர் பிளான்டைத் தொடாது, ஹல்லையும் தொடாது. ஹல்லுக்கு ரிப்பேர் லிம்பெட் (பழுதுபார்க்கும் சிறு டிரோன்) தனியாக வேண்டும். நியூட்ரான் நட்சத்திரத் தாரையில் புகுந்து ஒவ்வொரு முறையும் எஃப்.எஸ்.டி.யைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளும் தொலைதூரப் பயணிகளுக்கு இந்த யூனிட் அத்தியாவசியம். குறுகிய சண்டைக் கப்பலில் அந்த இடத்தை இன்னொரு எம்.ஆர்.பி.க்குக் கொடுப்பதே லாபம்.

நிலையத்தில் இறங்கியதும் முதல் திரையில் உள்ள ரிப்பேர் பொத்தானை அழுத்தினால் ஹல்லும் மாட்யூல்களும் சரியாகிவிடும். ஆனால் நெடுநாள் ஓட்டத்தில் கப்பலின் சட்டகத்துக்கு வரும் தேய்மானம் அதில் அடங்காது. அது கப்பலின் ஒருங்கிணைந்த உறுதி என்ற தனி எண்ணாக அட்வான்ஸ்டு மெயின்டெனன்ஸ் பகுதிக்குள் இருக்கிறது. அது குறைந்திருந்தால், திரையில் ஹல் 100 சதவீதம் என்று தெரிந்தாலும் உண்மையில் தாங்கும் வலிமை குறைந்தே இருக்கும். கப்பலை இழந்தால் அதன் விலையில் 5 சதவீதம் காப்பீட்டுக்குப் போகும் என்பதை வைத்துப் பார்த்தால், பெரிய கப்பலில் இந்தப் பராமரிப்புச் செலவைத் தள்ளிப்போடுவதில் மிச்சம் எதுவும் இல்லை. ஹீட் சிங்க்கும் பாயிண்ட் டிஃபென்ஸ் குண்டுகளும் பழுதுபார்க்கும்போது நிரம்புவதில்லை. மறுநிரப்பலைத் தனியாக அழுத்திவிட்டுப் புறப்படுங்கள்.